அச்சிட்ட காலைப் பொருத்துவது யார்?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். முப்பரிமாண அச்சு இயந்திரத்தில் செயற்கைக் கை, கால்களும், பிரேஸ், ஸ்பிளின்ட் போன்ற தாங்கு சாதனங்களும் தயாரிக்கப்படுவது பற்றி நாளிதழ்களில் வரும் செய்திகளைத் தொடர்ந்து படித்துவருகிறேன். பெரும்பாலானவை ஒரே வார்ப்பில் இருக்கின்றன. இயந்திரத்தின் படம் ஒன்று, புதுக் கையை உயர்த்திக் காட்டும் குழந்தையின் படம் ஒன்று, ஒரே இரவில் அச்சாகிவிட்டது என்று ஒரு வரி, செலவு பல மடங்கு குறைந்தது என்று இன்னொரு வரி. மூன்று மாதம் கழித்தும் அந்தக் குழந்தை அதை அணிகிறதா என்ற கேள்வியை எவரும் எழுப்புவதில்லை. செயற்கை உறுப்புகளுக்கு அளவெடுத்துப் பொருத்தும் தொழிலில் இருப்பவன் என்ற முறையிலும், இந்த இயந்திரங்களை விரும்பிப் பயன்படுத்துபவன் என்ற முறையிலும், செய்திகளில் விடுபடும் பாதியைப் பற்றிச் சிலவற்றை எழுத விரும்புகிறேன்.

செயற்கைக் கால் என்றதும் பொதுவாகப் பாதமும் அதன் மேலுள்ள உலோகக் குழாயும்தான் நினைவுக்கு வரும். அவை தொழிற்சாலையில் மொத்தமாகத் தயாராகும் உறுப்புகள். அளவு பார்த்துத் தேர்ந்தெடுத்துக்கொள்ளலாம். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் செய்தே தீர வேண்டியது, எஞ்சியுள்ள காலை உள்வாங்கிக்கொள்ளும் கிண்ணம் போன்ற சாக்கெட் மட்டுமே. அணிபவர் நடக்கும்போது உடலின் முழு எடையும், அடி விழும் கணத்தில் அதைவிடச் சற்றுக் கூடுதலான விசையும், அந்தச் சாக்கெட்டின் வழியாகத்தான் தோலுக்கும் எலும்புக்கும் செல்கின்றன. இயற்கையில் உள்ளங்காலின் தடித்த தோல் சுமக்க வேண்டிய எடையை, அதற்குச் சிறிதும் பழக்கமில்லாத கெண்டைக்கால் தோல் சுமக்கிறது. ஆகவே ஒரு செயற்கைக் கால் வெற்றி பெறுவதும் மூலையில் சாத்தி வைக்கப்படுவதும் பெரும்பாலும் சாக்கெட்டின் வடிவத்தில்தான் முடிவாகிறது.

அந்த வடிவம் காலின் வடிவத்தை அப்படியே ஒத்ததன்று என்பதே பலரும் அறியாத செய்தி. பழைய முறையில் எஞ்சிய காலின் மேல் மாவுக்கட்டுத் துணியை நனைத்துச் சுற்றுவோம். அது இறுகும் வரை முழங்கால் சில்லுக்குக் கீழே உள்ள தசைநாணைக் கட்டைவிரல்களால் அழுத்திப் பிடித்திருப்போம். கழற்றிய கூட்டுக்குள் மாவுக் கரைசலை ஊற்றினால் காலின் வார்ப்பு கிடைக்கும். உண்மையான வேலை அதன் பிறகே தொடங்குகிறது. எடையைத் தாங்கக்கூடிய இடங்களில், அதாவது சில்லுக்குக் கீழுள்ள தசைநாணிலும் கணைக்கால் எலும்பின் உள்பக்கச் சரிவிலும், வார்ப்பைச் சீவிக் குறைப்போம். எலும்பு தோலுக்கு மிக அருகில் வரும் இடங்களில், அதாவது கணைக்கால் எலும்பின் முன்விளிம்பிலும் வெட்டப்பட்ட அதன் நுனியிலும் வெளிப்புறச் சிற்றெலும்பின் தலையிலும், மாவைச் சேர்த்து இடம் விடுவோம். சிற்றெலும்பின் தலையை ஒட்டிச் செல்லும் நரம்பு அழுந்தினால் வலியும் மரத்துப்போதலும் வரும் என்பதால் அந்த ஓர் இடத்தில் எவரும் அலட்சியம் காட்டுவதில்லை. 1950களின் பிற்பகுதியில் கலிபோர்னியா பல்கலைக்கழகத்தில் இந்த முறை ஒழுங்குபடுத்தப்பட்டது. அதற்குப் பின் சிலிக்கோன் உறைகளும், எடையை மேற்பரப்பு முழுவதும் பரப்பும் வேறு வகைச் சாக்கெட்டுகளும் வந்துவிட்டன. ஆனாலும் எங்கே அழுத்துவது, எங்கே விட்டுக்கொடுப்பது என்பதை ஒரு மனிதர் முடிவு செய்ய வேண்டியிருப்பது மாறவில்லை.

ஒளிவருடியோ (ஸ்கேனர்), ஆழத்தை அளக்கும் உணரி கொண்ட கைபேசியோ இந்த இடத்தில் எதைத் தருகிறது? காலின் மேற்பரப்பைத் தருகிறது. நல்ல வருடியானால் மில்லிமீட்டருக்கும் குறைந்த பிழையுடன் தருகிறது. ஆனால் தோலுக்கு அடியில் தசை எவ்வளவு மென்மையாக இருக்கிறது, எலும்பு எந்த ஆழத்தில் இருக்கிறது, எங்கே தொட்டால் அவர் முகம் சுளிக்கிறார் என்பவை வருடிக்குத் தெரியாது. வருடும்போது கால் பெரும்பாலும் காற்றில் தொங்கிக்கொண்டிருக்கும். சாக்கெட்டுக்குள் எடை ஏறும்போதோ அதன் வடிவமே வேறு. பெருமூளை வாதத்தால் பாதம் உள்நோக்கித் திரும்பியுள்ள குழந்தைக்குக் கணுக்கால் தாங்கி செய்யும்போது இன்னொரு சிக்கல் எழுகிறது. பாதத்தைச் சரியான நிலையில் கையால் பிடித்துக்கொண்டுதான் வடிவத்தை எடுக்க வேண்டும். பிடிக்கும் கையோ வருடியின் பார்வையை மறைக்கிறது. விட்டுவிட்டால் பாதம் திரும்பிக்கொள்ளும், குழந்தையும் அசையும். இவற்றுக்கெல்லாம் வழிகள் உண்டு. கண்ணாடித் தட்டின் மேல் பாதத்தை வைத்து வருடுவது ஒரு வழி. மாவுக்கட்டில் கூடு எடுத்து அந்தக் கூட்டின் உட்புறத்தை வருடுவது இன்னொரு வழி. எதுவானாலும் பாதத்தைப் பிடிப்பவருக்கு எந்த நிலை சரியானது என்று தெரிந்திருக்க வேண்டும்.

இவ்வளவும் சொன்ன பிறகு, கணினி முறையில் எனக்கு மிகவும் பிடித்தது எது என்று கேட்டால், அச்சிடுவதை நான் சொல்லமாட்டேன். வடிவம் பதிவாகி நிலைத்திருப்பதைத்தான் சொல்வேன். மாவு வார்ப்பின் மேல் பிளாஸ்டிக்கை இழுத்துச் சாக்கெட்டைச் செய்த பின், உள்ளே இருக்கும் வார்ப்பை உடைத்துத்தான் வெளியே எடுக்க முடியும். அத்துடன் அதைச் செதுக்கியவரின் அத்தனை முடிவுகளும் குப்பைக்குப் போய்விடுகின்றன. அதே நபர் ஓராண்டு கழித்து வரும்போது மீண்டும் முதலிலிருந்து தொடங்க வேண்டும். கணினியிலோ மூல வடிவமும் திருத்திய வடிவமும் அருகருகே இருக்கின்றன. தசைநாணில் எத்தனை மில்லிமீட்டர் குறைத்தோம், சிற்றெலும்பின் தலைக்கு எத்தனை மில்லிமீட்டர் விட்டோம் என்று அளந்து பார்க்கலாம். அணிபவர் சொன்ன குறையை அந்த எண்ணோடு பொருத்திப் பார்க்கலாம். கற்றுக்கொள்ள வருபவருக்கும் காட்டலாம். தலைமுறை தலைமுறையாகக் கைப்பழக்கமாகவே கைமாறிவந்த ஓர் அறிவு, முதன்முறையாக அளவுகளாக எழுதிவைக்கத்தக்கதாக மாறியிருக்கிறது. செய்திகளில் இதைப் பற்றி ஒரு வரியைக்கூட நான் கண்டதில்லை. படம் பிடிக்க இதில் ஒன்றுமில்லை என்பது காரணமாக இருக்கலாம்.

கணினியில் வடிவமைத்ததை அச்சிட்டுத்தான் ஆக வேண்டும் என்பதும் இல்லை. 1980களிலிருந்தே, கணினியில் திருத்திய வடிவத்தை நுரைக்கட்டையில் இயந்திரத்தால் கடைந்தெடுத்து, அதன் மேல் சூடான பிளாஸ்டிக் தகட்டைப் போர்த்திச் சாதனம் செய்யும் முறை இருந்துவருகிறது. முதுகு வளைவுக்கான பிரேஸ் போன்ற பெரிய சாதனங்களுக்குப் பல இடங்களில் இன்றும் இதையே விரும்புகிறார்கள். கடைசலும் போர்த்தலும் விரைவில் முடிந்துவிடும். இழையை உருக்கி அடுக்கடுக்காக வைக்கும் அச்சு இயந்திரத்தில் ஒரு கணுக்கால் தாங்கிக்கே பல மணி நேரம் ஆகும். பாலிபுரொப்பிலீன் என்ற பிளாஸ்டிக்கைப் போர்த்திச் செய்த தாங்கி ஓரிடத்தில் உரசினால், சூடான காற்றைப் பாய்ச்சி அந்த இடத்தை மட்டும் சற்று வெளியே தள்ளிவிடலாம். அணிபவர் அன்றைக்கே வீடு திரும்புவார். எடையைக் குறைப்பதற்காக உள்ளே காலியிடம் விட்டு அச்சிட்ட சாதனம் அப்படிச் சீராக வளைந்துகொடுக்காது. கோப்பைத் திருத்தி மறுபடியும் அச்சிட வேண்டியிருக்கும்.

வலிமையைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனெனில் ஆபத்து இருப்பது இங்கேதான். இழை முறையில் அச்சான பொருள் எல்லாத் திசைகளிலும் ஒரே வலிமையுடன் இருப்பதில்லை. ஓர் அடுக்கின் நீளவாக்கில் அது உறுதியானது. அடுக்குக்கும் அடுக்குக்கும் இடையிலான ஒட்டுதான் அதன் பலவீனம். கணுக்கால் தாங்கியை இயந்திரத்தில் நிற்க வைத்து அச்சிட்டால் அதன் அடுக்குகள் காலுக்குக் குறுக்காக அமையும். நடக்கும் ஒவ்வோர் அடியிலும் கணுக்காலருகே ஏற்படும் வளைவு அந்த ஒட்டுகளையே பிளக்கப் பார்க்கும். சாய்த்தோ படுக்கவைத்தோ அச்சிட்டால் வலிமை கூடலாம். ஆனால் அச்சாகும்போது பொருளைத் தாங்கிப் பிடிக்கும் கட்டைகளும் நேரமும் சொரசொரப்பும் சேர்ந்தே கூடும். வீட்டு இயந்திரங்களில் மிகப் பரவலாகப் பயன்படும் பிஎல்ஏ என்ற பிளாஸ்டிக் ஏறத்தாழ 60 டிகிரி செல்சியஸில் இளகத் தொடங்கும்; வெயிலில் மூடி நிறுத்திய வாகனத்துக்குள் விட்டுவைத்தாலே உருமாறிவிடக்கூடும். பல இலட்சம் முறை வளைந்தாலும் களைக்காத பாலிபுரொப்பிலீனை அச்சிடலாமென்றாலோ, அது ஆறும்போது சுருங்கி அடித்தட்டிலிருந்து விளிம்பு தூக்கிக்கொள்ளும் குணம் கொண்டது. நைலான் பொடியை லேசரால் உருக்கி இணைக்கும் முறையில் இந்தத் திசை வேறுபாடு வெகுவாகக் குறைகிறது. நம்பிக்கையுடன் எடை ஏற்றக்கூடிய அச்சுச் சாதனங்கள் பலவும் இந்த வகையைச் சேர்ந்தவைதாம். ஆனால் அந்த இயந்திரம் மேசை மேல் வைத்துக்கொள்ளும் மலிவு இயந்திரமன்று. செய்தியில் 'முப்பரிமாண அச்சு' என்ற ஒரே பெயருக்குள் இரண்டும் அடங்கிவிடுகின்றன. ஒன்றின் மலிவும் மற்றொன்றின் உறுதியும் ஒரே வாக்கியத்தில் சேர்ந்து வந்தால் வாசகர் ஏமாறத்தான் செய்வார்.

கால் உறுப்புகளின் உறுதியைச் சோதிப்பதற்கு ஐஎஸ்ஓ 10328 என்ற சர்வதேசத் தரநிலை இருக்கிறது. அணிபவரின் எடைப் பிரிவுக்கேற்ப விசை நிர்ணயிக்கப்பட்டு, 30 இலட்சம் முறை அழுத்தித் தளர்த்திச் சோதிக்கிறார்கள். செயற்கைக் கால் நாளொன்றுக்கு 3,000 அடி எடுத்துவைப்பதாகக் கொண்டால் அது ஏறத்தாழ 1,000 நாள் நடைக்குச் சமம். ஆனால் இந்தத் தரநிலை பாதம், குழாய், மூட்டு போன்ற தொழிற்சாலை உறுப்புகளை மனத்தில் கொண்டு எழுதப்பட்டது. ஆளுக்கொரு வடிவமாக அமையும் சாக்கெட்டுக்கென்று தனித் தரநிலை வகுக்கப்படவில்லை. ஆய்வாளர்கள் இதையே சற்று மாற்றிப் பயன்படுத்துகிறார்கள். பழைய பொருள்களில் பல்லாண்டு அனுபவம் அந்த இடைவெளியை நிரப்பிவந்தது. எத்தனை மில்லிமீட்டர் தகடு, எத்தனை கிலோ எடையுள்ளவருக்குப் போதும் என்பது பட்டறையில் வேலை செய்கிற எவருக்கும் தெரியும். அச்சுப் பொருளில் அந்த அனுபவம் இன்னும் சேர்ந்துகொண்டிருக்கிறது. இயந்திரம், இழை, வெப்பநிலை, அச்சிடும் திசை ஆகியவற்றில் ஒன்று மாறினாலும் முந்தைய அனுபவம் அப்படியே செல்லுபடியாகாது. அமெரிக்காவின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு, அச்சிட்டுச் செய்யப்படும் மருத்துவச் சாதனங்களுக்கென 2017 டிசம்பரில் வெளியிட்ட வழிகாட்டுதலும் பொருளையும் செய்முறையையும் சேர்த்தே கவனிக்கச் சொல்கிறது.

கைகளின் கதை வேறு. கையின் மேல் உடல் எடை ஏறுவதில்லை. உடைந்தாலும் அணிபவர் கீழே விழப்போவதில்லை. தன்னார்வலர்களின் முயற்சி கையில் தொடங்கி வளர்ந்ததற்கு இதுவும் ஒரு காரணம். தென்னாப்பிரிக்காவைச் சேர்ந்த தச்சர் ரிச்சர்ட் வான் ஆஸ் 2011-இல் விபத்தில் விரல்களை இழந்தார். அமெரிக்காவைச் சேர்ந்த ஐவன் ஓவன் என்பவருடன் தொலைவிலிருந்தே சேர்ந்து வேலை செய்து அவர் உருவாக்கிய கை வடிவம், 2013-இல் எவரும் எடுத்துக்கொள்ளலாம் என்று பொதுவில் வைக்கப்பட்டது. அதே ஆண்டு ராச்செஸ்டர் தொழில்நுட்பக் கழகத்தைச் சேர்ந்த ஜான் ஷல் தொடங்கிய இ-நேபிள் என்ற தன்னார்வ வலைப்பின்னல் அந்த வடிவங்களைப் பல நாடுகளுக்குக் கொண்டுசென்றது. இழை முறைக்கான அடிப்படைக் காப்புரிமை 2009-இல் காலாவதியாகி இயந்திர விலை சரிந்திருந்ததும் அவர்களுக்குத் துணை நின்றது. மணிக்கட்டை மடக்கினால் கயிறு இழுபட்டு விரல்கள் மூடும் எளிய அமைப்பு அது. மணிக்கட்டு இயங்குபவருக்கே பயன்படும். பிடியின் பலமும் குறைவுதான். அதை அணிந்து மிதிவண்டியின் கைப்பிடியைப் பற்றிய குழந்தையின் மகிழ்ச்சியை நான் சிறிதாக மதிப்பிடவில்லை. பிறரின் இரக்கப் பார்வையை வியப்பாக மாற்றிய ஒரு பொருளுக்கு அந்த வயதில் பெரிய மதிப்பு உண்டு.

ஆனால் செயற்கைக் கைகளை மனிதர்கள் கைவிட்டுவிடுகிறார்கள் என்பது அச்சு இயந்திரம் வருவதற்கு முன்பே தெரிந்த உண்மை. 25 ஆண்டு ஆய்வுகளைத் தொகுத்து 2007-இல் வெளியான ஒரு மீளாய்வின்படி, உடல் விசையால் இயங்கும் கைகளைக் குழந்தைகளில் சராசரியாக 45 சதவீதத்தினரும் பெரியவர்களில் 26 சதவீதத்தினரும் ஒதுக்கிவிட்டிருந்தனர். மின் விசைக் கைகளில் அது முறையே 35, 23 சதவீதம். கனம், வியர்வை, கை இல்லாமலேயே வேலையை முடிக்கப் பழகிவிடுவது எனக் காரணங்கள் பல. அச்சிட்ட கை இவற்றில் கனத்தைக் குறைக்கலாம், வளரும் குழந்தைக்கு அடிக்கடி மாற்றித் தருவதைச் சாத்தியமாக்கலாம். எஞ்சியவற்றுக்குப் பயிற்சியும் தொடர்ந்த கவனிப்பும் வேண்டும். பிரிஸ்டல் நகரின் ஓப்பன் பயானிக்ஸ் நிறுவனம் 2018-இல் கொண்டுவந்த ஹீரோ ஆர்ம் என்ற மின்னியக்கக் கை பெருமளவு அச்சிலேயே உருவாவதுதான். இருந்தும் அது தனித்தனியாக அளவெடுத்து, பயிற்சி பெற்றவர்கள் வழியாகவே பொருத்தப்படுகிறது என்பதைக் கவனிக்க வேண்டும்.

அச்சு முறையின் மேன்மை ஐயமின்றித் தெரியும் இடங்களும் உண்டு. ஒன்றிரண்டு விரல்களை மட்டும் இழந்தவர்களுக்கான சாதனங்கள், மணிக்கட்டு ஸ்பிளின்ட்கள், ஒரே தகட்டில் குதிகாலுக்கு மென்மையும் வளைவுக்கு உறுதியும் தரும் காலணி உள்தகடுகள் ஆகியவற்றில் பழைய முறைகள் ஈடுகொடுக்கத் திணறுகின்றன. முதுகு வளைவுக்கான பிரேஸையும் இங்கே சேர்க்கலாம். 2013-இல் வெளியான ஒரு பெரிய மருத்துவ ஆய்வில், பிரேஸ் அணிந்த வளரிளம் பருவத்தினரில் 72 சதவீதத்தினருக்கும், கண்காணிப்பில் மட்டும் இருந்தவர்களில் 48 சதவீதத்தினருக்கும் வளைவு அறுவைச் சிகிச்சை தேவைப்படும் அளவை எட்டாமல் நின்றது. சராசரியாக நாளொன்றுக்கு சுமார் 13 மணி நேரத்துக்கு மேல் அணிந்தவர்களில் இந்த வெற்றி 90 சதவீதத்தைத் தாண்டியது. அணியும் நேரமே மருந்தின் அளவு என்னும்போது, மெலிதாகவும் காற்றுத் துளைகளுடனும் சட்டைக்கு வெளியே தெரியாமலும் ஒரு பிரேஸ் அமைவது அலங்கார விஷயமன்று. அச்சில் இவை எளிதாகக் கைகூடுகின்றன.

தேவையின் அளவையும் மறக்கக் கூடாது. உலக சுகாதார நிறுவனமும் யுனிசெஃபும் 2022-இல் வெளியிட்ட அறிக்கை, ஏதேனும் ஓர் உதவிச் சாதனம் தேவைப்படுவோர் 250 கோடிப் பேருக்கு மேல் என்றும், ஏறத்தாழ 100 கோடிப் பேருக்கு அது எட்டவில்லை என்றும் கூறுகிறது. மூக்குக் கண்ணாடி முதல் சக்கர நாற்காலி வரை அந்தக் கணக்கில் அடங்கும். செயற்கை உறுப்பு, தாங்கு சாதனச் சேவைகளுக்கென 2017-இல் அந்நிறுவனம் வகுத்த தரநெறிகள், பத்து இலட்சம் மக்களுக்கு 5 முதல் 10 வரை பயிற்சி பெற்ற பொருத்துநர்கள் வேண்டும் என்கின்றன. பல நாடுகள் அதற்கு வெகு தொலைவில் உள்ளன. இயந்திரம் வாங்கிவிட்டால் இந்தப் பற்றாக்குறை தீரும் என்ற எண்ணம் பரவுவதுதான் என் கவலை. சர்வதேசச் செஞ்சிலுவைக் குழு 1990களிலிருந்து போரால் சிதைந்த நாடுகளில் பாலிபுரொப்பிலீனால் மலிவான, உறுதியான கால்களைச் செய்துதந்துவருகிறது. அச்சு இயந்திரம் இல்லாமலே அது நடந்தது. பட்டறைகளை நிறுவி ஆட்களைப் பயிற்றுவித்ததால்தான் அது நிலைத்தது. மாறாக, பொருத்துநரின் கை எட்டும் தூரத்தைக் கூட்டுவதற்கு இந்தத் தொழில்நுட்பத்தைப் பயன்படுத்தினால் பலன் பெரிது. தொலைவில் உள்ள ஊரில் பயிற்சி பெற்ற உதவியாளர் ஒருவர் வருடி அனுப்ப, நகரத்தில் உள்ள பொருத்துநர் கணினியில் திருத்த, சாதனத்தை அதே ஊரில் அச்சிட்டு அணிவித்துப் பார்க்கும் முறையைச் சில தொண்டு நிறுவனங்கள் சோதித்துள்ளன. ஹாண்டிகாப் இன்டர்நேஷனல் என்று அப்போது அழைக்கப்பட்ட தொண்டு அமைப்பும் டோகோ, மடகாஸ்கர், சிரியா ஆகிய நாடுகளில் வருடி, கணினியில் திருத்தி, அச்சிடும் முறையைச் செய்துபார்த்தது. பயணம் செய்ய இயலாதவருக்கு இது எவ்வளவு பெரிய உதவி என்பதைச் சொல்லத் தேவையில்லை.

எனவே தங்கள் நாளிதழுக்கு ஒரு வேண்டுகோள். அச்சிட்ட கை, கால் பற்றிய செய்தி அடுத்து வரும்போது, எந்த முறையில், எந்தப் பொருளில் அச்சானது, எடை தாங்கும் சாதனமானால் எவ்வாறு சோதிக்கப்பட்டது, அளவெடுத்துப் பொருத்தியவரின் பயிற்சி என்ன, உரசலோ புண்ணோ வந்தால் அணிபவர் யாரிடம் போவார் என்பவற்றை நிருபர்கள் கேட்க வேண்டும். நீரிழிவால் காலில் உணர்ச்சி குறைந்தவருக்கு உள்தகடோ சாக்கெட்டோ கொடுக்கும்போது கடைசிக் கேள்வி உயிர்நாடியானது. உரசுவது அவருக்கே தெரியாமல் புண் ஆழமாகிவிடும். வடிவக் கோப்பு யார் வசம் இருக்கிறது என்றும் கேட்கலாம். சாதனத்தைத் தந்த நிறுவனமோ திட்டமோ நின்றுபோனால், அந்தக் கோப்பைக் கேட்டுப் பெற்று வேறிடத்தில் செய்துகொள்ள அணிபவருக்கு உரிமை இருக்க வேண்டும். தற்போது பலருக்கு அப்படி ஒரு கோப்பு இருப்பதே தெரியாது. சாதனம் வழங்கிய நாளில் எடுத்த படத்துடன் செய்தியை முடித்துவிடாமல், ஆறு மாதம் கழித்து அதே நபரை ஒரு முறை சந்தித்து, அவர் இன்னும் அதை அணிகிறாரா, அணியவில்லை என்றால் ஏன் என்பதையும் அதே அளவு இடத்தில் வெளியிட்டால், அதை முதலில் வெட்டி வைத்துக்கொள்பவர்கள் எங்கள் தொழிலில் இருப்பவர்களாகத்தான் இருப்பார்கள்.

இப்படிக்கு,
செயற்கை உறுப்புப் பொருத்துநராகப் பணியாற்றும் ஒரு வாசகர்